ஈயம் தைத்த பனியன்

இனி வருவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் எழுதுகிற கை விளங்காமல் போகட்டும். இப்படிச் சத்தியம் செய்துவிட்டுத் தொடங்க வேண்டியிருப்பதற்குக் காரணம், இது எடை சம்பந்தப்பட்ட விவகாரம். எடை என்று வந்துவிட்டால் பெற்ற தாயையும் யாரும் நம்புவதில்லை. அதிலும் அரைக்கிலோவின் கடையில் போட்ட எடை என்றால், கடவுளே சாட்சிக்கு வந்தாலும் முதலில் அவரை வேறு தராசில் நிறுத்திப் பார்க்கச் சொல்வார்கள்.

அரைக்கிலோ என்பது ஒரு பழைய இரும்புக் கடைக்காரரின் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது துருப்பிடித்து உதிர்ந்து நாளாயிற்று. விற்க வருகிறவர் எதைக் கொண்டுவந்து எடை மேடையில் வைத்தாலும் அதில் அரைக்கிலோ ஆவியாகிப் போகும். ஒருவர் தன் வீட்டு இரும்பு அலமாரியை நான்கு பேர் தூக்கிவரக் கொண்டுவந்து போட்டுவிட்டு, அதன் சாவியின் எடைக்குக் காசு வாங்கிக்கொண்டு போனார். மேடையில் ஏறி நின்ற பூனை இறங்கும்போது குட்டியாக இறங்கியது என்றும் ஒரு பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டாம். குட்டி முன்பே அங்கே இருந்தது.

அவர் மனைவிக்குப் பெயர் கட்டைவிரல். கைவிரல் அல்ல, கால்விரல். மேடைக்குப் பக்கத்தில் ஒரு கவிழ்த்த டின்மேல் உட்கார்ந்து, விற்க வந்தவரிடம் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, மகளுக்கு எத்தனாவது மாசம் என்று அக்கறையாக விசாரித்துக்கொண்டே, மேடையின் விளிம்பை வலது கால் கட்டைவிரலால் அடியிலிருந்து ஒரு தூக்குத் தூக்குவாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும் என்று அவள் சொல்வதும் மனதார வாழ்த்துவதுதான். அது வேறு, தொழில் வேறு.

கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு தகரக் கதவு, அவ்வளவுதான். பழுதான மோட்டாரை உளி வைத்துப் பிளந்து, உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பியை உருவி எடுப்பது அவள் வேலை. கோழிக்குக் குடல் எடுப்பதுபோல ஒரே இழுப்பு. ரப்பர் உறை போட்ட ஒயர்களைக் கொல்லையில் குவித்துக் கொளுத்தி, எரிந்த பிறகு செம்பைப் பொறுக்குவது அவர் வேலை. கரும்புகை எழும்பி அடுத்த வீட்டுக் கொடியில் காய்கிற வெள்ளைத் துணிகளைத் தடவிக்கொண்டு போகும். சண்டைக்கு வந்தால், "உங்க துணிக்கு இலவசமா சாயம் போட்டுத் தர்றேன், கூலியா கேட்டேன்?" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் புகைக்கு நடுவில்தான் அவர் நின்றார். மூக்கில் துணி கட்டச் சொன்னால், "துணி கட்டினா வாசனை தெரியாது, எப்ப எரிஞ்சு முடிஞ்சுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்பார். பேச்சில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. இருமலில்தான் தோற்றார்.

நுரையீரலில் புற்று என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து, சாய்வு நாற்காலியில் படுத்து, ஊசி வழியாக மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். அரைக்கிலோ ஒப்புக்கொண்டார். சொட்டு எண்ணிக் கொடுக்கிற இடம் நாணயமான இடமாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு.

இரண்டாவது முறை ஏற்றிய பிறகு உடம்பு கரைய ஆரம்பித்தது. இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கடைக்குள் முதலில் சட்டை வரும், கொஞ்சம் கழித்து அதற்குள் அவர் வருவார். மோதிரம் விரல் மாறி விரல் போய், கடைசியில் விரல்கள் தீர்ந்துபோய்ச் சுவரில் ஆணியில் தொங்கியது. மின்விசிறியை வேகமாக வைக்கக் கட்டைவிரல் பயந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி முனகுவதை நிறுத்திவிட்டது. பதினெட்டு வருடம் முனகிய நாற்காலி.

சாப்பாடு இறங்கவில்லை. எதை வாயில் வைத்தாலும், "பழைய காசைச் சப்பற மாதிரி இருக்கு" என்பார். முட்டை வேகிற வாசனைக்கே குமட்டியது. அவள் அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில், ஒயர் கொளுத்துகிற இடத்தில் வைத்துச் சமைத்தாள். குழைந்த சோற்றைத் தண்ணீராகக் கரைத்து, உப்புப் போட்டு, பாலாக்கி, சூப்பாக்கி, ஒரு டம்ளரில் ஊற்றி முன்னால் நிற்பாள்.

"ஒரு வாய்."

"முடியல."

"கண்ணை மூடிக்கிட்டு முழுங்குங்க."

"கண்ணை மூடினா நீ தெரியமாட்டே, சரி. நாக்கை எப்படி மூடறது?"

பாதி டம்ளர் அவளே குடிக்க வேண்டியிருந்தது. கொட்டுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. கம்பியில் ஒட்டிய செம்புத் தூளைக்கூடக் கொட்டாத வீடு.

மூன்றாவது ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். அறைக்கு வெளியே, நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில்தான் எடை மேடை. எண் தெரிகிற பெட்டி மேஜைமேல் நர்ஸ் பக்கமாகத் திரும்பியிருக்கும். "எண்ணு அவங்களப் பாக்குது, நம்மளப் பாக்கல, கவனிச்சியா? தொழில் தெரிஞ்ச ஆஸ்பத்திரி" என்று அரைக்கிலோ முதல் நாளே மெச்சியிருந்தார். அன்று நர்ஸ் "அம்பத்திமூணு" என்றாள். டாக்டர் அதைச் சீட்டில் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வரும்போது அறுபத்தெட்டு இருந்தீங்க. இப்படியே போனா மருந்தை உடம்பு தாங்காது. அம்பதுக்குக் கீழ போச்சுன்னா நிறுத்திடுவேன்."

"நிறுத்திட்டு?" என்றாள் கட்டைவிரல்.

"வீட்ல வச்சுப் பாத்துக்குங்க. இருமலுக்கும் வலிக்கும் மாத்திரை தருவோம்."

"அப்புறம்?"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர். கண்ணாடியில் அழுக்கு இல்லை.

பஸ்ஸில் அரைக்கிலோ ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி எழும்பியபோது எல்லாரும் எழும்பி உட்கார்ந்தார்கள். அவர் கொஞ்சம் தாமதமாக உட்கார்ந்தார். அப்போதுதான் சொன்னார்.

"அவர் என் உடம்பைப் பாத்தாரா?"

"யாரு?"

"டாக்டர். கையைப் பிடிச்சாரா, நெஞ்சைத் தட்டினாரா? எண்ணைப் பாத்தாரு. எண்ணு சரியா இருந்தா ஊசி உண்டு. எண்ணு குறைஞ்சா ஆளை வீட்டுக்கு அனுப்பிடுவாரு."

"அதுக்கு?"

"எண்ணு தானேடி! நம்ம ரெண்டு பேரும் இத்தனை வருஷமா என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்?"

அவருடைய முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ரத்தம் ஓடுவதை அவள் பார்த்தாள். மருந்து செய்யாததை அந்த யோசனை செய்தது.

கார் சக்கரத்தைச் சமன்படுத்த விளிம்பில் அடிக்கிற ஈயக் கட்டிகள் கடையில் ஒரு வாளி நிறையக் கிடந்தன. இரும்பு ஒன்றோடொன்று உரசினால் சத்தம் போடும். ஈயம் வாயைத் திறக்காது. அவள் ஒரு பழைய பனியனுக்குள் இன்னொரு பனியனை வைத்து, நடுவில் பஞ்சு பரப்பி, கட்டிகளைச் சின்னச் சின்னப் பைகளில் போட்டுத் தைத்தாள். ஆனால் எத்தனை கட்டி? அதற்கு அவருடைய உண்மையான எடை தெரிய வேண்டும். அங்கேதான் சிக்கல். அந்த வீட்டில் ஒழுங்கான தராசு ஒன்றுகூட இல்லை.

அரைக்கிலோ தன் மேடையில் தானே ஏறினார். முப்பத்தொன்பது என்று காட்டியது. அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தள்ளுவண்டிக்காரன் வந்தான். தெருத்தெருவாகப் போய்ப் பழைய சாமான் வாங்கி இவர்களிடம் கொண்டுவந்து போடுகிறவன். விஷயத்தைக் கேட்டதும் வண்டியின் கைப்பிடியை விடாமலே சிரித்தான்.

"பயப்படாதீங்க முதலாளி. உங்க மேடை பத்துக்கு ஒண்ணு தின்னும். அக்கா கால் வச்சா ரெண்டு தின்னும்."

அரைக்கிலோ மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ கால் வச்சியா?"

அவள் குனிந்து பார்த்தாள். விரல் மேடைக்கு அடியில்தான் இருந்தது. "பழக்கதோஷம்ங்க" என்று இழுத்துக்கொண்டாள்.

"அப்போ உனக்கு எல்லாம் தெரியும்?" என்றார் அரைக்கிலோ தள்ளுவண்டிக்காரனிடம்.

"தெரியாம? நான் மூச்சுமுட்டத் தள்ளிக்கிட்டு வந்ததுல ஒரு லாரி இரும்பு இந்த மேடையில கரைஞ்சு போயிருக்கு. என் பொண்டாட்டி கம்மல் இந்த மேடையிலதான் கரைஞ்சுது. தெரியாமலா இருக்கும்?"

"தெரிஞ்சும் ஏன்டா இங்கேயே வந்தே?"

"அடுத்த கடைக்காரன் பத்துக்கு மூணு. நீங்க கொஞ்சம் மனசாட்சி உள்ளவங்க." அவன் கைப்பிடியை விட்டுவிட்டு வந்து, அரைக்கிலோவின் தோளைப் பிடித்து எழுப்பினான். பிடித்த கையை உடனே எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். "நாப்பத்தெட்டு இருப்பீங்க. ஆறேழு கிலோ தொங்கவிட்டாப் போதும். ஈயத்தை முதுகுப் பக்கம் வைங்க அக்கா. முன்னால வச்சா குனிய வச்சிரும்."

நாற்பத்தெட்டு என்று கேட்டதும் அவள் விரல்விட்டு எண்ணினாள். ஆஸ்பத்திரியில் ஐம்பத்துமூன்று என்று சொல்லி நாலு நாள்தான் ஆகிறது. அதற்குள் இவ்வளவா?

மூன்றாவது ஊசியன்று அரைக்கிலோ பனியனைப் போட்டு, அதன்மேல் சட்டை, அதன்மேல் கம்பளிச் சட்டை என்று கடைத்தெரு பொம்மைபோல் மேடை ஏறினார். ஏறி நிற்பதற்குள் வியர்த்துக் கொட்டியது. நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"அம்பத்தஞ்சு. அட, ஏறியிருக்கீங்களே ஐயா!"

"வீட்ல கவனிப்பு அப்படி" என்றார் அரைக்கிலோ, முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல்.

டாக்டர் அவர் முதுகில் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கினார். கட்டைவிரல் குறுக்கே பாய்ந்து, "அங்க வலின்னு சொல்றாருங்க" என்றாள். டாக்டர் கையை இழுத்துக்கொண்டார். ஊசி ஏறியது. திரும்பும் வழியில் அரைக்கிலோ பஸ்ஸில் சீட்டி அடித்தார். மூச்சு போதாமல் பாதியில் நின்றது. ஆனாலும் அது சீட்டிதான்.

அந்த வாரம் அவர் பட்ட பாட்டைச் சொல்லக் கூடாது. வாய்க்குள் புண். உதட்டைத் திறந்தால் ரத்தம். தண்ணீர் முள்ளாக இறங்கியது. பிளாஸ்டிக் வாளி ஒன்று கட்டிலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தது. தகரக் கூரை வெயிலில் படபடவென்று வெடிக்கும். அந்தச் சத்தத்துக்கே அவர் முகம் சுளித்தார். கடை பூட்டியே கிடந்தது. சுத்தியல் சத்தம் நின்றதும் அக்கம்பக்கத்தில் சிலருக்குத் தூக்கம் வராமல் போய், டாக்டரிடம் போனார்களாம்.

அரைக்கிலோவின் அக்கா வந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். யாரைப் பார்த்தாலும் மடிப்பு எடுக்காமல் விடமாட்டாள்.

"என்னடா தம்பி இப்படி ஆயிட்டே? ஆள் கட்டில்ல இருக்கானா இல்ல போர்வை மட்டும்தான் கிடக்குதா?"

"வா அக்கா."

"எலும்பா கிடக்கான். என்னடி குடுக்கறே இவனுக்கு?"

"எல்லாம்தான் அண்ணி குடுக்கறேன். தங்கமாட்டேங்குது."

"தங்கமாட்டேங்குதா? நீ மட்டும் ஊதியிருக்கியே, உனக்கு மட்டும் தங்குதா?"

உண்மைதான். அவர் குடிக்காத பாதி டம்ளர்கள் அவள் இடுப்பில் ஏறியிருந்தன.

"ஆஸ்பத்திரியில எடை ஏறுதுன்னு சொல்றாங்க அண்ணி" என்றாள்.

"ஏறுதா? இவனுக்கா?" நாத்தனார் தம்பியின் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். அது அவள் கையிலிருந்த சாவிக்கொத்தைவிட மெலிந்திருந்தது. "எந்த நாட்டுக் கணக்குடி இது? ஏன், கேக்கறேன். எடையில கை வைக்கிறது உனக்குப் புதுசா என்ன? கட்டின புருஷன் மேலயே வச்சுட்டியா?"

அரைக்கிலோ கட்டிலில் படுத்தபடி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் வாளிக்குப் போனது. நாத்தனார் வாளியைப் பிடித்தாள். தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டே தலையைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தாள்.

அவள் போனதும் கட்டைவிரல் பனியனில் இன்னும் நான்கு கட்டி சேர்த்துத் தைத்தாள். பஞ்சும் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருந்தது. எலும்பில் ஈயம் பட்டால் தோல் கன்றிப்போகிறது.

நான்காவது முறை "அம்பத்தாறு" என்றாள் நர்ஸ். அரைக்கிலோவைச் சாய்வு நாற்காலிக்குக் கூட்டிப்போனார்கள். மருந்து கலக்குகிற அறையின் ஜன்னலில் ஒரு பெண் தலையை நீட்டி, "இவருக்கு எடை எவ்வளவு?" என்று கேட்டாள். நர்ஸ் இங்கிருந்து "அம்பத்தாறு" என்று கத்தினாள்.

கட்டைவிரல் அந்த ஜன்னலுக்குப் போனாள். "எதுக்கும்மா அவர் எடையைக் கேக்கறீங்க?"

"எடைக்குத் தகுந்த மாதிரிதானேம்மா மருந்து. பெரிய உடம்புக்குப் பெரிய அளவு, சின்ன உடம்புக்குச் சின்ன அளவு. எல்லாருக்கும் ஒண்ணா ஊத்த இது என்ன டீயா?"

"கூடப் போயிட்டா?"

"ஆளைத் தின்னுரும். விஷம்மா இது. நோயையும் கொல்லும், ஆளையும் கொல்லும். அளவுலதான் சூட்சுமமே இருக்கு." அந்தப் பெண் சிரித்தாள். "பயப்படாதீங்க. அதுக்குத்தான் கரெக்டா எடை போட்டுக் குடுக்கறோம்."

கட்டைவிரல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயில் புண், வாளி, முள்ளாக இறங்கிய தண்ணீர் எல்லாம் வரிசையாக வந்தன. ஈயத்துக்கும் சேர்த்து மருந்து. ஈயம் குடிக்காது, அதன் பங்கையும் அவரே குடித்திருக்கிறார். குடித்ததால் மெலிந்தார், மெலிந்ததால் அவள் ஈயம் சேர்த்தாள்.

சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். ஊசி ஏற்கெனவே குத்தியாகிவிட்டது.

"என்னங்க."

"ம்."

"மருந்தை எடை பாத்துத்தான் கலக்கறாங்களாம். நாம காட்டின எடைக்கு. ஈயத்துக்கும் சேத்து."

அவர் கண்ணைத் திறந்தார். பயந்துவிடுவார் என்று நினைத்தாள். இரும்பு என்று சொல்லி யாரோ செம்பைக் கொண்டுவந்து கொட்டிய நாளில் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதற்குப் பிறகு அவள் அதைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள்.

"கூடவா போடறாங்க?"

"ஆமா."

"காசு கூடக் கேக்கல?"

"காசு கிடக்கட்டும். கூடப் போனா ஆளைத் தின்னுருமாம். அந்தப் பொண்ணு சொல்லுது."

"விக்கிறவன் அப்படித்தான்டி சொல்வான். எந்தக் கடைக்காரனாவது 'கூட எடுத்துக்கோ, உனக்கு நல்லது'ன்னு சொல்வானா? நாம சொன்னோமா?" அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "பிறந்ததுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஒருத்தன் கூடப் போட்டுக் குடுத்ததில்ல. அப்பன் சோறு போட்டப்பகூட அண்ணனுக்குத்தான் பெரிய கரண்டி. இப்பத்தான் கிடைக்குது. அதையும் கெடுத்துராதே."

"உங்க உடம்பு தாங்கலைங்க. வாயைப் பாருங்க."

"நோய் சாகுதுடி. அது சாகற வலி. பாதி மருந்துல பாதி நோய் சாகும். அடுத்த தடவை இன்னும் நாலு கட்டி தை."

அவள் எழுந்து டாக்டர் அறைவரை போனாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டாக்டர் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட்டால் இன்றோடு ஊசி நிற்கும். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். யார் சொன்னது என்று அரைக்கிலோ கேட்பார். அதன்பிறகு பாதி டம்ளரும் இறங்காது. சொல்லாவிட்டால் சொட்டுச் சொட்டாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இங்கே கதவில் கையை வைத்தபடி நின்றாள். அங்கே சொட்டிக்கொண்டுதான் இருந்தது. உண்மையை வாயால் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. கடைசியில், அதை எடையிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து திரும்பி வந்தாள்.

அந்த மூன்று வாரத்தில் அவள் ஒரு வேலை செய்தாள். அவர் கண் அசந்த பகல் வேளைகளில் கொல்லைக்குப் போய், பழைய அலுமினியத் தகட்டை ஈயக் கட்டிகளின் அளவுக்கே வெட்டினாள், விளிம்பை அரத்தால் ராவினாள், சாம்பலில் புரட்டி நிறத்தையும் கொண்டுவந்தாள். பனியனைப் பிரித்து ஈயத்தையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, இவற்றைப் போட்டு, பழைய துளைகளிலேயே ஊசியை விட்டுத் தைத்தாள். இத்தனை வருடத்தில் ஊரையே ஏமாற்றியிருக்கிறாள். அவரை ஏமாற்றுவது இதுதான் முதல் தடவை. அடுத்த முறை மேடை உள்ளதைச் சொல்லும். நாற்பத்திரண்டோ, நாற்பதோ. நிறுத்தினால் நிறுத்தட்டும். புண்ணாவது ஆறும்.

கிளம்புகிற காலையில் அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி, "எங்கே, குடு பாக்கலாம்" என்று கையை நீட்டினார்.

கல்லைத் தொடாமலே கல்லின் எடையைச் சொல்கிற மனிதர். முலாம் பூசிய பித்தளையை ஒரு தூக்கலில் கண்டுபிடித்து முகத்தில் எறிகிறவர். ஒரு கைக்குட்டையில் முடிச்சுப்போட்டு எதைக் கொடுத்தாலும், அதில் முடிச்சு எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுகிற கை அது. பனியனை அந்தக் கையில் வைத்தாள்.

கை அப்படியே மடியில் இறங்கியது.

"கொஞ்சம் தாராளமாத்தான் வச்சிருக்கே" என்றார் அரைக்கிலோ. "நாலு சொன்னா ஆறு வச்சிருக்கே போல. கை தாங்கல."

"ஆமாங்க" என்றாள் அவள். "ஆறு வச்சேன்."

கொல்லைக்குப் போய், எரியாத அடுப்பை ஊதிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவர் மேடையில் ஏறியபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் கைகழுவும் முறை பற்றிய படம் இருந்தது. ஆறு படங்கள். ஆறையும் பார்த்தாள்.

"அம்பத்தேழு."

அவள் திரும்பினாள். "எவ்வளவு?"

"அம்பத்தேழும்மா. மாசாமாசம் ஏறுது உங்க வீட்டுக்காரருக்கு. என்னதான் குடுக்கறீங்களோ, எனக்கும் சொல்லுங்க."

கட்டைவிரல் தன் காலைப் பார்த்தாள். இரண்டு காலும் தரையில், மேடைக்கு இரண்டு முழம் தள்ளித்தான் இருந்தன. "இன்னொரு தடவை பாருங்கம்மா."

நர்ஸ் அரைக்கிலோவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். "அம்பத்தேழுதான். சந்தோஷப்படுங்க."

சந்தோஷப்பட்டாள். இப்படி ஒரு சந்தோஷம் மனுஷ ஜென்மத்துக்குத் தாங்காது. வராந்தாவில் போய் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அலுமினியம் என்ன எடை இருக்கும், ஒரு முட்டை எடை இருக்குமா? மீதி அத்தனையும் சதை. அவர் சதை. பாதி டம்ளர்கள் எங்கேயும் போகவில்லை. எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கின்றன. கண்தான் பொய் சொல்லியிருக்கிறது. மணிக்கட்டு பொய். நாற்காலி பொய். ஆஸ்பத்திரி மேடைக்குப் பொய் சொல்லி என்ன லாபம்?

உள்ளே அரைக்கிலோவும் சந்தோஷமாகத்தான் இருந்தார், அவர் ஈயத்தை நினைத்து. ஐம்பத்தேழு கிலோ ஆளுக்கான மருந்து சொட்ட ஆரம்பித்தது. இந்த முறை அவள் ஜன்னலுக்கும் போகவில்லை, டாக்டர் கதவுக்கும் போகவில்லை. போக வேண்டிய அவசியம் என்ன?

தெரு முழுக்கச் சொன்னாள். நாத்தனாரிடம் இஸ்திரி மேஜைவரை போய்ச் சொன்னாள். "ஒரு தில்லுமுல்லும் இல்ல அண்ணி. மேடை சொல்லுது. நானே எதிர்பாக்கல."

"சத்தியமா?"

"உங்க தம்பி மேல சத்தியம்."

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியைத் துணியிலேயே வைத்துவிட்டாள். யாருடைய சட்டையோ கருகியது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

பன்னிரண்டு நாள் அந்த வீட்டில் நம்பிக்கை இருந்தது. அவள் கடையைக்கூடத் திறந்தாள். அரை முட்டை சாப்பிட்டார் என்று தள்ளுவண்டிக்காரனிடம் சொன்னாள். கால் முட்டைதான், பழக்கத்தில் கூடச் சொல்லிவிட்டாள். பிறகு காய்ச்சல் வந்தது. வாய்ப்புண் தொண்டைக்குள் இறங்கியது. கூரை வெடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கடைசியா எவ்வளவு சொன்னாங்க?"

"அம்பத்தேழுங்க."

"கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கவே இல்ல பாத்தியா" என்றார். உதடு சிரிக்கப் பார்த்தது. "நம்ம தொழில் சுத்தம்டி."

சாயங்காலம் வெயில் தணிவதற்குள் போய்விட்டார்.

தூக்கிக்கொண்டு போகும்போது முன்பக்கம் தோள் கொடுத்தவன் தள்ளுவண்டிக்காரன். நான்கு பேர் தேவையில்லை, ஒருவன் இடுப்பில் வைத்துக்கொண்டே போயிருக்கலாம் என்று பின்னால் வந்த யாரோ சொன்னார்கள். கட்டைவிரல் தகரக் கதவைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் கால் மடக்கி, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்கத் தோளை நிமிர்த்தினான்.

"நல்ல கனம் அக்கா" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். அவனுக்குத்தான் தெரியும், எடை.

இன்றைக்கும் கடையில் இருக்கிறாள். டின்மேல் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் குடும்பம் விசாரிக்கிறாள், விரல் தன் வேலையைச் செய்கிறது. பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கே வந்து நிற்கும். புற்று அவரைக் கொல்லவில்லை, மருந்தும் கொல்லவில்லை, ஏதோ கெட்ட காய்ச்சல். மனுஷர் நாளுக்கு நாள் தேறிக்கொண்டிருந்தார், சாகிறபோது ஐம்பத்தேழு கிலோ, ஒரு தில்லுமுல்லும் கிடையாது, ஆஸ்பத்திரி மேடையில் போட்ட எடை என்பாள்.

அந்த ஆஸ்பத்திரியின் எடை மேடை, அரைக்கிலோ முதன்முதலாக அதில் ஏறுவதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே தண்ணீர் புகுந்து செத்துப்போனது. புது மேடை வருகிறவரைக்கும் நர்ஸ், போட்டிருக்கிற துணிமணியோடு சேர்த்து ஆளின் பருமனைப் பார்த்து ஒரு எண் சொல்லிக்கொண்டிருந்தாள்.